பஞ்சு சாகாத வகுப்பு

கூண்டுக்கடைக்காரருக்கு மனிதர்களைப் பிடிக்காது. எலிகளையும் பிடிக்காதுதான். ஆனால் எந்த எலியும் கடைக்குள் வந்து நின்றுகொண்டு பொறுப்புணர்ச்சியைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்ததில்லை.

அவர் கம்பி வளைக்கும் பட்டறையில் தொழில் கற்றவர். கல்யாணமான புதிதில் தனிக்கடை போட்டு, பறவைக் கூண்டு, பாத்திரம் கவிழ்க்கும் கூடை, ஜன்னல் வலை என்று வளைத்துத் தள்ளினார். பிளாஸ்டிக் வந்து கூடை வியாபாரத்தைத் தின்றது. மிஞ்சியது கூண்டு. வெறுங்கூண்டை யார் வாங்குவார்கள்? உள்ளே போடுவதற்கு ஏதாவது கேட்டார்கள். அப்படித்தான், வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத, உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் குட்டி எலிகள் கடைக்கு வந்து சேர்ந்தன.

"எலின்னு சொல்லாதீங்க, ஹாம்ஸ்டர்னு சொல்லுங்க" என்று வாங்க வருகிறவர்கள் திருத்துவார்கள். எலி என்றால் அடித்துக் கொல்ல வேண்டும், ஹாம்ஸ்டர் என்றால் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும். அவர்களுடைய நியாயம் அது.

வருகிற அப்பாக்களும் அம்மாக்களும் ஒரே வாத்தியாரிடம் ஒப்பித்துவிட்டு வந்தவர்கள்போல ஒரே வசனம்தான் பேசுவார்கள். "குழந்தைக்குச் சின்ன வயசுலயே பொறுப்பு வரணும் பாருங்க." தன் செருப்பை எந்தக் காலில் மாட்டுவது என்று இன்னும் குழம்புகிற குழந்தைக்கு, ஓர் உயிரைக் காப்பாற்றுகிற பொறுப்பு! நாய் என்றால் வாக்கிங் போக வேண்டும், பூனை என்றால் சோபாவெல்லாம் முடி. எலி என்றால் அலமாரி மேல் ஓர் ஓரம் போதும். விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருப்பதால் பொறுப்பு, பாசம், இயற்கை என்று சப்பைக்கட்டு கட்டுவார்கள்.

அந்த எலியைப் பற்றி அவருக்குத் தெரியும். பகல் முழுக்கத் தூங்கும், ஊர் அடங்கிய பிறகு எழுந்து சக்கரத்தில் ஓடும். பகலில்தான் குழந்தைக்கு விளையாட நேரம். கம்பிக்குள் விரலை விட்டு நோண்டி எழுப்பும். எழுந்த எலி கடிக்கும். கடிபட்ட குழந்தை கையை உதறும். தரையில் விழுந்த எலி அப்புறம் எழுந்திருக்காது. கடிக்காத எலியாக இருந்தால் பாசத்தில் நசுங்கும். அதற்குப் பிறகு, "இப்படி ஒரு எலியக் குடுத்துட்டீங்களே" என்று கடைக்கு வந்து சண்டை. அப்போது மட்டும் அது எலி.

இவ்வளவும் தெரிந்துதான் விற்றார். சிரித்துக்கொண்டே விற்றார். அவர்கள் படியிறங்கியதும் மனதுக்குள் "தூ" என்று துப்புவார். அந்தத் துப்பலில் பாதி தன் மேல் விழ வேண்டியது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

கடையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு நர்சரிப் பள்ளி. அங்கே சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் ஓர் எலி இருந்தது. பெயர் பஞ்சு. வெள்ளை உடம்பு, முதுகில் தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு. வாரக் கடைசியில் முறை வைத்து ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். இது பள்ளியின் பெருமை. தலைமை ஆசிரியை, பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கூண்டைக் காட்டுவார். "ஸ்கூல் ஆரம்பிச்சதுல இருந்து எங்ககூட இருக்கு. எங்க பிள்ளைங்க அவ்வளவு பாசமா பாத்துக்கறாங்க."

இந்த எலிகள் இரண்டு வருஷம் தாண்டினாலே பெரிய விஷயம். பஞ்சுவோடு படித்த முதல் கூட்டத்துப் பையன்களுக்கு இப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாருக்கும் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கூண்டுக்கடைக்காரருக்குத் தெரியும். கதவோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு யாராவது உள்ளே வருவார்கள். வங்கி மேலாளர் ஒருமுறை வந்தார். அவர் வீட்டில் பஞ்சு குளிப்பாட்டப்பட்டிருந்தது. வக்கீலம்மா வந்தாள், அவள் வீட்டில் பொம்மைக் காரில் சவாரி போயிருந்தது. கையில் போட்டோ இருக்கும். குரல் தழைந்திருக்கும். "இதே மாதிரி ஒண்ணு வேணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எங்க வீட்டுல மட்டும்தான் இப்படி ஆயிடுச்சு."

எங்கள் வீட்டில் மட்டும்தான்! ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் பின்னறைக்குப் போவார். அங்கே திரைக்குப் பின்னால், முதுகில் தவிட்டுத் திட்டு விழுந்த குட்டிகளை மட்டும் பிரித்து வளர்த்துவந்தார். போட்டோவையும் எலியையும் மாறிமாறிப் பார்த்து, திட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஓரத்து முடியைக் கத்தரித்துச் சரிசெய்து கொடுப்பார். அந்த வேலையில் அவருக்கு ஒரு கர்வமே இருந்தது. நடுவில் ஒரு பஞ்சு பெண்ணாகக்கூட இருந்தது. அதையும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களை நம்பித்தான் கடை ஓடியது. அவர்கள்தான் வீட்டுக்குத் தனியாக ஒன்று, அக்கா பிள்ளைக்கு ஒன்று என்று கூண்டும் வாங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் அவருடைய மகள் அதே வகுப்பில் சேர்ந்தாள். வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஐந்து வயது. எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கடையில் வால் உள்ள ஒரே பிராணி அவள்தான் என்பார் அவள் அம்மா. தெருவில் நடக்கும்போது அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். முழுக்கையைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். பின்னறைக்குப் போகாதே என்று சொல்லியிருந்தார். ஆகவே தினமும் போனாள்.

அந்த வாரம் பஞ்சு பல் டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார், போட்டோவைக் காட்டினார், வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலையில் வாலு கூண்டைப் பார்த்துவிட்டு வகுப்பு நடுவில் எழுந்து நின்றாள்.

"மிஸ், இது பஞ்சு இல்ல. பஞ்சுக்குக் காது கிழிஞ்சிருக்கும். இது எங்க கடையில மேல் கூண்டுல இருந்தது. எனக்குத் தெரியும், நான்தான் இதுக்கு விதை போடுவேன்."

மிஸ் அதட்டி உட்காரவைத்தாள். வாலு உட்கார்ந்தாள், ஆனால் வாயை மூடவில்லை. "அப்போ பஞ்சு எங்க?" என்று பல் டாக்டரின் மகனைக் கேட்டாள். அவன் அழுதான். அவன் அழுததைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள். வீட்டுக்குப் போய் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மறுநாளே அப்பா அம்மாக்கள் பள்ளிக்குப் படையெடுத்தார்கள். பிஞ்சு மனசு கெட்டுப்போகிறதாம். அந்தப் பெண் பொய் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறதாம். அதில் வங்கி மேலாளரும் இருந்தார், வக்கீலம்மாவும் இருந்தாள். வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அவர்கள் வீட்டோடு இருந்திருப்பார்கள்.

தலைமை ஆசிரியை கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பொண்ணுக்குப் பொய் சொல்ற பழக்கம் இருக்கு. இந்த வயசுலயே கிள்ளி எறியணும். நாளைக்குக் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் 'நான் பொய் சொன்னேன்'னு சொல்லி, பஞ்சுகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா நீங்க வேற ஸ்கூல் பாத்துக்கறது நல்லது."

இதைச் சொன்னபோது அந்த அம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முதன்முதலில் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, "லீவுல நான் கவனிக்காம விட்டுட்டேன், அதே மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று கெஞ்சியவரே அவர்தான். அது இருவருக்கும் தெரியும். மேசையின் இந்தப் பக்கம் ஒரு திருட்டு முழி, அந்தப் பக்கம் ஒரு திருட்டு முழி. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"சொல்ல வைக்கறேன் மேடம்" என்றார் கூண்டுக்கடைக்காரர்.

வீட்டில் வாலுவிடம் பேசிப் பார்த்தார். "பாக்க ஒரே மாதிரி இருந்தா குழம்பிடும் கண்ணு. நீ தப்பாப் பாத்திருப்ப."

"இல்லப்பா. நீதான எடுத்துக் குடுத்த? திரைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன்."

வேறு வழி தெரியாமல் மிரட்டினார். மறுநாள் காலையில் வாலு கூண்டுக்கு முன்னால் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் பொய் சொன்னேன். சாரி பஞ்சு" என்றாள். உள்ளே எலி மரத்தூளுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பல் டாக்டர் கடைக்காரரின் தோளைத் தட்டி, "நல்லா வளக்கறீங்க" என்றார். அந்தக் கை பட்ட இடம் அவருக்கு நாள் முழுக்க அரித்தது.

அன்று பள்ளி விட்டு வரும்போது வாலு அவர் சுண்டுவிரலைப் பிடிக்கவில்லை. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் செத்துப்போனா நீ என்ன பண்ணுவ?"

"என்ன பேச்சு இது? வாயக் கழுவு."

"என்ன மாதிரியே ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்து, இதுதான் வாலுன்னு சொல்லிடுவியா?" கொஞ்சம் யோசித்தாள். "மிஸ் நம்பிடுவாங்க. அம்மா நம்புவாங்களாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அதட்டியிருக்கலாம். அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருக்கலாம். அவள் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். கடைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். திட்டுகளின் ஓரம் வெட்டுகிற கத்தரிக்கோல் அது. இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் மேல் துப்பியதெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர்களாவது ஓர் எலிக்காகத் தங்கள் பிள்ளையிடம் பொய் சொன்னார்கள். அவர் தன் பிள்ளையையே பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் பஞ்சுவை, அந்த வாரம் முறை வந்த வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பார்கள். கைதட்டல் எல்லாம் உண்டு. தலைமை ஆசிரியை கூண்டைத் தூக்கிக் கொடுக்கப்போகும் நேரத்தில் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் மிரட்டிச் சொல்ல வெச்சேன். பஞ்சு செத்துப் பல வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வந்ததும் செத்தாச்சு, அதுக்கு அடுத்ததும் செத்தாச்சு. எல்லாத்துக்கும் மாத்து எலி என் கடையிலருந்துதான் வந்துச்சு. யார் யார் வாங்கினீங்கன்னு நான் சொல்லப்போறதில்ல. நீங்களே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் வங்கி மேலாளர்தான் வாயைத் திறந்தார். "அப்போ... எங்க வீட்டுல செத்தது ஒரிஜினல் பஞ்சு இல்லையா?" அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! மனிதர் கிட்டத்தட்டச் சிரித்தேவிட்டார்.

தலைமை ஆசிரியை சமாளிக்கப் பார்த்தார். "பிள்ளைங்களுக்கு உயிர்களை நேசிக்கக் கத்துக்..."

"நேசிச்சுத்தான் மேடம் நசுக்கறாங்க. அஞ்சு வயசுக் கைக்கு அவ்வளவுதான் தெரியும், அதுங்க மேல தப்பில்ல. பகல்ல தூங்கற பிராணிய, தொட்டாக் கடிக்கற பிராணிய, அந்தக் கையில குடுத்தோம் பாருங்க, நீங்களும் நானும், நம்மளச் சொல்லணும்."

பிஞ்சு மனசு, பிஞ்சு மனசு என்று பதறினார்களே, அந்தப் பிஞ்சுகளில் ஒன்றுகூட மயங்கி விழவில்லை. பல் டாக்டரின் மகன் மட்டும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நம்ம பஞ்சுவ எங்க புதைச்ச?"

பல் டாக்டர் வானத்தைப் பார்த்தார். டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதை வாசலில் நின்று எப்படிச் சொல்வார்? அந்தக் கேள்வி அப்படியே மற்ற பிள்ளைகளிடமும் பரவியது. ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கம்பி நீட்டினார்கள். கூண்டு மட்டும் படியில் கிடந்தது. அதை யாரும் எடுத்துப்போக விரும்பவில்லை. இவ்வளவுதான் அவர்களுடைய பாசம்.

வாலு போய் அதைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது ஒரு கையில் கூண்டு, இன்னொரு கையில் அப்பாவின் சுண்டுவிரல். பள்ளி போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை வியாபாரமும் போய்விட்டது. போகட்டும், பட்டறையில் கம்பி வளைத்தால் போயிற்று. விரல் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தபடி கடைக்காரர் நடந்தார்.

"இது பஞ்சு இல்லல்ல, அப்போ இதுக்கு வேற பேரு வைக்கணும்" என்றாள் வாலு.

"நீயே வை கண்ணு."

"செத்துப்போச்சே, அதுங்களுக்கெல்லாம் என்ன பேருப்பா?"

ஒவ்வொன்றின் திட்டும் அவருக்கு நினைவிருந்தது. எதன் ஓரத்தை எங்கே கத்தரித்தார் என்பதுகூட நினைவிருந்தது.

"எல்லாம் பஞ்சுதாம்மா" என்றார்.

வாலு நின்றாள். அவர் விரலை விட்டாள். இரண்டு கைகளாலும் கூண்டை அணைத்துக்கொண்டு, தெருவின் அந்த ஓரமாக அவருக்கு முன்னால் நடந்துபோனாள்.