இன்னாசியம்மாளின் ராட்டைப் பள்ளிக்கூடம்

ஆரணியில் கோயில் வளவு என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் வழி காட்டுவார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய மனை அது. உள்ளே பட்டு நெய்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. வீடுகள் தனித்தனி, அடுப்பு மட்டும் ஒன்று. தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஆளாளுக்கு மிஞ்சியிருந்த நொய்யையும் கேழ்வரகையும் ஒரே பானையில் கொட்டிக் காய்ச்சி உயிர் பிழைத்தவர்கள், பஞ்சம் போன பிறகும் அந்த அடுப்பைப் பிரிக்க மனம் வராமல் அப்படியே இருந்துவிட்டார்கள். சாயம் தோய்ப்பவர் தோய்த்தார், நெய்பவர் நெய்தார், பெண்கள் ராட்டையில் நூல் சுற்றினார்கள். மத்தியானம் எல்லோரும் ஒரே பந்தி.

பஞ்சம் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனபோது இன்னாசியம்மாள் அங்கே வந்தாள். இருபது வயதிருக்கும். தேசூர் மாதா கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாராக இருந்த அவள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வேறு போக்கிடம் இல்லாமல் அத்தை ரோசம்மாளைத் தேடி வந்துவிட்டாள். ரோசம்மாளின் புருஷன் சிங்கராயர்தான் வளவுக்கு நாட்டாமை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னாசி தொட்ட பட்டு நூலெல்லாம் அறுந்தது. சாயத்தில் கை வைத்தால் திட்டுத் திட்டாய்ப் பிடித்தது. அடுப்படியில் விட்டார்கள், கூழ் அடிப்பிடித்தது. பந்தியில் உட்காரும்போதெல்லாம் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை அவளுக்கு.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா சொல்லிக் கொடுத்ததால் எழுதவும் படிக்கவும் வரும். ஒருநாள் பந்தி முடிந்ததும் சிங்கராயர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நம்ம வளவுப் பொம்பளைங்களுக்கு நான் படிப்பு சொல்லித் தரேன். கூலி ஒண்ணும் வேணாம்."

சிங்கராயர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "பொம்பளைங்களுக்கா? அவங்க படிக்க குந்திகினு இருந்தா நூல் யாரு சுத்தறது?"

"அவங்களே சுத்தட்டும் மாமா. கை உங்களுக்கு. கண்ணும் வாயும் எனக்கு."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோசம்மாள் சிரிக்கவில்லை. "நான் வரேன்டி" என்றாள் சட்டென்று. நாற்பது வயதுக்காரி, பேரன் எடுத்தவள். நாட்டாமை பெண்டாட்டியே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

மறுநாளே ராட்டைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னாசி அடுப்புக்கரியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆளுயரத்துக்கு எழுத்துகளை எழுதினாள். ராட்டைகள் ஒரு பக்கம் கிறீச்சிட, பெண்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு கூவினார்கள். முதல் நாட்களில் ஒரே கூச்சல்தான். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். அப்படி எட்டிப் பார்த்தவள்தான் அடுத்த தெரு நெசவுக்காரர் வீட்டு மருமகள் அபிதகுசாம்பாள். ஒருநாள் பார்த்தாள், மறுநாள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள், மூன்றாவது நாள் ராட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உங்க சாமி கதை எல்லாம் எனக்கு வேணாங்க. எழுத்து மட்டும் போதும்" என்றாள்.

"எழுத்து எல்லாருக்கும் ஒண்ணுதாங்க, உள்ள வந்து குந்துங்க" என்றாள் இன்னாசி.

ஒருநாள் இன்னாசி சுவரில் மூன்றே மூன்று எழுத்து எழுதிவிட்டுப் பேசாமல் நின்றாள். பெண்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். ப. ட். டு. சேர்த்துச் சொல்லுங்கள் என்றாள். ஒரு நிமிஷம் யாருக்கும் பிடிபடவில்லை. திடீரென்று ரோசம்மாளின் ராட்டை நின்றது.

"பட்டு! ஐயோ, பட்டுடி! என் கையில இருக்கறது செவுத்துல இருக்குது!"

கொட்டகையே எழுந்து நின்றுவிட்டது. ஒருத்தி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அபிதகுசாம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.  அன்று மத்தியானம் இன்னாசி பந்தியில் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வந்த நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

அதற்குப் பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. துணி, மணி, தறி என்று வளர்ந்து, ஆளாளுக்குத் தன் பெயரைப் படிக்கிற அளவுக்கு வந்தார்கள். ஆனால் ஆண்கள் நம்பவில்லை.

"அந்தச் செவுத்தையே பாத்துகினு இருந்தா யாருக்குத்தான் வராது? மனப்பாடம் பண்ணிட்டாளுங்க" என்றார் சிங்கராயர். ஜெபப் புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினார்கள். அது சின்ன வயசிலிருந்தே வாயில் ஊறின ஜெபம்தானே என்று அதையும் தள்ளிவிட்டார். இன்னாசிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கையெழுத்தைத் தவிர இவர்கள் வேறு எதைப் படித்தார்கள்? மாமா சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்?

அந்தச் சமயத்தில்தான் ரயில் வந்தது. களம்பூரில் ஸ்டேஷன் கட்டி முடித்து, முதல் வண்டி வரப்போகிறது என்று ஆரணி முழுக்க அதே பேச்சு. வளவில் அன்று தறி ஓடவில்லை. விடிந்ததும் புளிச்சோறு கட்டிக்கொண்டு, மாட்டு வண்டிகளில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அபிதகுசாம்பாளும் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

களம்பூரில் திருவிழாக் கூட்டம். ஆண்கள் தண்டவாளத்தைப் பார்க்க ஓடினார்கள். ரோசம்மாள் மட்டும் நடைமேடை முனையில் அசையாமல் நின்றாள். அங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெரிய பலகை. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ்.

"இன்னாசி... நீ சொல்லாத. வாயத் தொறக்காத."

இன்னாசி வாயைப் பொத்திக்கொண்டாள். 

"ஆ... ர... துணியில வர்ற ணி. ஆரணி!" ரோசம்மாள் குரல் ஏறியது. "அடுத்தது... அடியே, இது என் எழுத்து! ரோசம்மா ரோ!"

"பட்டுல வர்ற டு!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அபிதகுசாம்பாள். "ரோடு! ஆரணி ரோடு!"

எல்லாப் பெண்களும் ஒரே குரலில் கூவினார்கள். சத்தம் கேட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். சிங்கராயர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மானத்த வாங்காதீங்கடி! இது களம்பூரு. ஆரணி அங்க கெடக்குது. களம்பூர்ல எவனாச்சும் ஆரணின்னு எழுதுவானா?"

"அவன் இன்னாத்துக்கு எழுதினான்னு எனக்குத் தெரியாது. எழுதியிருக்கறது ஆரணி ரோடு" என்றாள் ரோசம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

சிங்கராயர் அந்தப் பக்கம் போன ஸ்டேஷன் குமாஸ்தாவை நிறுத்தினார். "ஐயா, இதுல இன்னா எழுதியிருக்குது, சொல்லுங்க."

"ஆரணி ரோடு. ஆரணி போறவங்க எல்லாம் இங்கதான் இறங்கணும், அதான் அந்தப் பேர்" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகப் போய்விட்டார்.

சிங்கராயர் பலகையைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தூரத்தில் கூவென்று ஒரு சத்தம். புகையைக் கக்கிக்கொண்டு, தரை அதிர, இரும்பு வண்டி உள்ளே வந்தது. மாடுகள் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. கூட்டம் "ஓ"வென்று அலறியது. ரோசம்மாள் மட்டும் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆரணி ரோடு, ஆரணி ரோடு என்று படித்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்த இன்னாசி ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள். ரயில் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஓடிய மாடுகளைப் பிடித்துப் பூட்டித் திரும்பும் வழியெல்லாம் வண்டியில் கும்மாளம். பாதி வழியில் அபிதகுசாம்பாள் கேட்டாள்: "ஆமாங்க, பலகையில மேல் வரி ஒண்ணு இருந்துதே, அது இன்னா?"

"அது இங்கிலீஷுங்க. எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?" வண்டியில் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். இன்னாசிக்கு வெட்கமாக இல்லை. பசி மாதிரி ஏதோ ஒன்று வயிற்றில் கிளம்பியது.

மறுநாள் காலை சிங்கராயர் தானாகவே கொட்டகைக்கு வந்து கடைசியில் உட்கார்ந்தார்.  "எனக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு. பெருசா எழுது" என்று மட்டும் சொன்னார். அவரை அபிதகுசாம்பாளின் பொறுப்பில் விட்டுவிட்டு, இன்னாசி கையில் ஒட்டியிருந்த கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோயிலுக்கு முன்னால் ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடத்திய ஜோசப்ராஜ் வாத்தியாரிடம் விறுவிறுவென்று போனாள்.

"ஐயா, எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் குடுங்க. கொஞ்சம் ஜல்தியா. வளவுல காத்துகினு இருக்காங்க."