வெறும் பெட்டிக்கு ஓர் இடம்

ஃபுவென்சாந்தாவின் புருஷன் ஹினேஸ் மீன்பிடிக்கப் போன படகு கீழைக்காற்றில் கவிழ்ந்தது. ஆள் கரை ஒதுங்கவேயில்லை. காத்துக் காத்துச் சலித்தபின், அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் பூட்ஸையும் ஒரு பெட்டியில் வைத்து, கோட்டையின் கிழக்குச் சுவரில் பிணம் வைக்கும் ஒரு மாடக்குழியில் அடைத்துப் பெயர்க்கல் பதித்தாள். ஊருக்கு இடுகாடு அந்தக் கோட்டைதான். முன்னொரு காலத்தில் அங்கே ஆண்ட மூர் என்னும் முஸ்லிம் அரசர்கள் கட்டியது. பீரங்கியில் பாதி இடிந்தபின் பிணங்களுக்குத்தான் இடம் கொடுத்தது. உள்ளே வெறும் பெட்டிதான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் செவ்வாய்தோறும் அவள் பூ வைத்தாள்.

கடற்கரை நெடுக ஹோட்டல்கள் எழும்பின. வந்த வெளிநாட்டுப் பயணிகள் கோட்டையைப் பார்க்க மேலேறி, சிலுவைகளைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நகரசபை விழித்துக்கொண்டது. மலைச்சாலையில் புது இடுகாடு கட்டி, எலும்புகளை அங்கே மாற்றத் தீர்மானித்தது.

ஃபுவென்சாந்தா நகரசபைக்குப் போனாள். உறுப்பினர் எவாரிஸ்தோ தயங்கியபடி சொன்னார்:

"அம்மா, எலும்பு இருந்தாத்தான் புது இடத்துல குழி தரமுடியும். சட்டம் அப்படி."

"கடல் எலும்பைத் திருப்பித் தரலைன்னா, அது என் புருஷன் குத்தமா?"

"கோவப்படாதீங்க. வெறும் பெட்டிக்கு எப்படிம்மா இடம் கொடுக்கறது?"

"உங்க தேர்தல் பெட்டிக்கு மட்டும் கொடுக்கறீங்களே!"

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் காரியம் ஆகவில்லை.

மாடக்குழிகளை உடைக்கும் வேலை ஹினேஸின் தம்பி எலூத்தேரியோவிடம் இருந்தது, அவன் கொத்தனார். அவன் அம்மாவின் குழி அதே வரிசையில்தான். உடைப்பதற்கு முந்தின நாள் அவன் ஃபுவென்சாந்தாவின் வீட்டுக்கு வந்து, ஒயினை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணி, நாளைக்கு அம்மாவை எடுக்கறேன். அண்ணன் பெட்டியையும் அவளோட சேத்து வெச்சிடறேன்."

"அதிகாரி பாத்துட்டா?"

"பாக்கட்டும். அம்மா கைக்குள்ள மகன் இருந்தா எவன் வந்து பிரிப்பான்?"

மறுநாள் அப்படியே செய்தான். எவாரிஸ்தோ பக்கத்தில்தான் நின்றார். பெட்டி தூக்கப்படும்போது, சிகரெட்டைப் பற்றவைக்கக் காற்று விடவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் ஃபுவென்சாந்தாவிடமிருந்து அவர் வீட்டுக்கு ஒரு தட்டு நெத்திலி வறுவல் போயிற்று.

கல்லறைகளுக்குக் கீழே தோண்டியபோது மூர்களின் வீட்டு அடித்தளங்களும் ஒரு பாதாளச் சிறையும் கிடைத்தன. கோட்டை சுத்தமாகி நுழைவுச்சீட்டு வந்ததும், சீட்டுக் கொடுக்கும் வேலையை ஃபுவென்சாந்தா கேட்டு வாங்கினாள். "புருஷனை வெளிய அனுப்பிட்டு நீ உள்ள வந்துட்டியேடி!" என்று சந்தையில் கேலி செய்தார்கள். "அவருக்கு வாடகை கட்டத் தெரியல, எனக்கு வசூல் பண்ணத் தெரியுது," என்றாள்.

முதல் வருஷம் கிழக்குச் சுவர்ப்பக்கம் அவள் போகவேயில்லை. பிறகு அதுவும் பழகிப்போயிற்று. நிழல் விழும் இடம் அதுதான் என்பதால் மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் எல்லாப் புனிதர் திருநாளில் பஸ் ஏறிப் புது இடுகாட்டுக்குப் போவாள். எலூத்தேரியோ பிளாஸ்டிக் பூ வாங்கி வந்திருப்பான். "உங்கம்மாவுக்கு இது போதும், என் புருஷனுக்கு ஆகாது," என்று திட்டிக்கொண்டே, தான் கொண்டுவந்த செவ்வந்தியை அதற்கு முன்னால் வைப்பாள்.