கீரனோடு நொஷாட்டலுக்கு

காலை ஒன்பது மணி கழிய, சூரிச்சில் ரயில் ஏறினோம். அரைக்கட்டண அட்டையோடு ஆளுக்கு இருபத்தேழு பிராங், ஒன்றரை மணிநேரப் பயணம். ஓல்டன் வரை மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

சூரிச்சின் லங்ஸ்ட்ராஸ வீதியில் ஒரு உணவகத்தில் நான் சமையல், கீரன் சட்டி கழுவுகிறவன். பெயரைப் பார்த்து எங்கள் ஆள் என்று நினைக்கவேண்டாம், ஐரிஷ்காரன். நாலு தரம் அயர்லாந்துச் சாம்பியன், ஒருதரம் ஐரோப்பிய வெண்கலம். எல்லாம் அமெச்சூர் குத்துச்சண்டை. பதக்கம் வரும், சம்பளம் வராது. இன்றைய சண்டையைப் பார்த்துவிட்டு நொஷாட்டல் கிளப் ஒன்று அவனைப் பயிற்சியாளராக எடுப்பதாக இருந்தது. சட்டி கழுவுவது அதோடு முடியும்.

போன கிழமை அவன் வேலையில் இரண்டு தரம் சத்தி எடுத்தான். தினமும் போய்வருகிற களஞ்சிய அறைக்கு வழி தெரியாமல் நின்றான். அதை நினைத்து எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை.

"தலையிடி இருக்கோ?" ரயிலில் திரும்பவும் கேட்டேன்.

"அண்ணை, நீ டொக்டரோ? வெங்காயம் வெட்டு." எங்கள் சமையலறைத் தமிழ் அவனுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது.

பியல் தாண்ட, இடது பக்கம் ஏரி வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு படகுகூட இல்லை. நொஷாட்டல் நிலையம் மேட்டில் இருக்கிறது. சண்டை நடக்கிற மண்டபத்துக்குப் பதினைந்து நிமிடம் இறங்கி நடந்தோம்.

பதினொன்றரைக்கு மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் அம்மாவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்த ஊர் அகதி முகாமில் இருந்த காலத்தில் பிரெஞ்சு பழகியிருந்தேன். அதனால்தான் கீரன் என்னைக் கூட்டிவந்தான்.

"தலையிடி, சத்தி, மறதி ஏதும் உண்டா?" என்று கேட்டார். நான் கீரனுக்குத் தமிழில் சொன்னேன்.

"இல்லை எண்டு சொல்லு."

என் அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவர், நான் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. அதுதான் முறை. நானும் "இல்லை என்கிறார்" என்றேன். மருத்துவர் பேனாவை எடுத்தார். அவர் கையெழுத்து வைக்கமுதல் நான் திரும்பவும் பிரெஞ்சில் பேசினேன்.

"போன கிழமை இரண்டு தரம் சத்தி எடுத்தவர். நான்தான் கழுவினேன்."

பேனா கீழே வந்தது. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சண்டை இல்லை என்றார். நாளைக்கே தலையை ஸ்கான் எடுக்கவேண்டுமாம். வாசலில் நின்ற கிளப்காரர் கீரனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"என்ன சொன்னனீ?"

சொன்னேன்.

எனக்கு முன்னால் விறுவிறென்று மேட்டில் ஏறினான். நிலையத்தில் நேரே போய் மற்றப் பக்க மேடையில் நின்றான்.

"கீரன், உது ஜெனீவா போறது. எங்கட ரயில் அங்கால."

"நீ சொல்லுறதை இனி நம்பமாட்டன். நான் சூரிச் போறன்."

ஜெனீவா என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினேன். பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் ஏறினான். கதவு மூடமுதல் நானும் ஏறி, அவன் கண்ணில் படாமல் இரண்டு இருக்கை தள்ளி இருந்தேன். ரயில் சூரிச்சுக்கு எதிர்ப்பக்கமாக, மேற்கே ஓடத் தொடங்கியது. அவன் கண்ணாடியில் தலை சாய்த்தான். வீட்டுக்குப் போகிறவனின் நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.