முந்நூறு வாட் சோறு

என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டுகிறார். இருட்டோடு எழுந்து, ஈர விறகை ஊதிச் சோறாக்கி, பகலுக்குக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார். ஆட்களைக் கணக்கெடுக்கும் அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். புகையில் அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும். இனி விறகே வேண்டாம் என்று சொல்லித்தான் குக்கரைக் கொடுத்தேன்.

சோறு வேகவில்லை. பெரட்டுக்கு நேரமாகும்போதும் அரிசி நடுவில் கல்லாகவே இருந்தது. அம்மா அதையே கட்டிக்கொண்டு போனார்.

மாவனல்லையில் வாங்கிய கடைக்கே இருவரும் கொண்டுபோனோம். முதலாளி எங்கள் முன்னாலேயே அரிசி போட்டுக் காட்டினார். பூவாக வெந்தது.

"சாமான்ல ஒரு பிழையும் இல்ல மகள். அம்மாவுக்குப் போடத் தெரியாம இருக்கும்."

அம்மா வீட்டுக்கு வந்ததும் குக்கரை அலமாரி மேல் ஏற்றினார்.

"எனக்கு வெறகே போதும். ஒன்னைய குத்தம் சொல்லல."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை. பாடசாலை மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, மறுநாள் விடியுமுன் குக்கரைப் போட்டுவிட்டு அளந்தேன். வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தின் எல்லாக் காம்பிராவிலும் அந்நேரம் விளக்கு எரிந்தது, கேத்தலும் குக்கரும் ஓடின.

குக்கரின் அடியில் 230 வோல்ட், 3 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 690 வாட். வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை ஏறக்குறைய 77 ஓம். அது பெரிதாக மாறாது. மீட்டரோ 153 வோல்ட்தான் காட்டியது. 77ஆல் வகுத்தேன்: சுமார் 2 அம்பியர். 153ஐ இரண்டால் பெருக்கினால் 306 வாட். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைய, மின்னோட்டமும் அதே பங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கும்போது வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடையில் வெந்ததும் இங்கே வேகாததும் ஒரே குக்கர்தான்.

லயத்துக்கு வரும் கம்பி பழையது, மெல்லியது; எல்லாரும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். தோட்டத்து ஆபீசில் சொன்னேன். "பலமு" என்றார்கள். சிங்களத்தில் பார்ப்போம் என்று அர்த்தம். அதை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம்.

பக்கத்துக் காம்பிராச் சித்தியிடம் போனேன்.

"சித்தி, பாதிப் பேரு முந்தி, பாதிப் பேரு பிந்தி சமைச்சா எல்லாருக்கும் கரண்ட் போதுங்க."

"டீச்சரம்மா, மொதல்ல பெரட்ட ரெண்டா பிரிக்கச் சொல்லுங்க. அப்புறம் நாங்க அடுப்பப் பிரிக்கிறோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சித்தி சொன்னது சரிதான். பெரட்டு எல்லாருக்கும் ஒரே நேரம்.

லயம் விழிப்பதற்கு முன்னால் போட்டால் வேகும். அதற்காக அம்மா இன்னும் முந்தி எழுந்தால் குக்கர் எதற்கு? அதனால் நான் எழுகிறேன். அந்நேரம் மீட்டர் 220க்கு மேல் நிற்கிறது. சோறு வேகும்வரை சுவரில் சாய்ந்திருக்கிறேன்.

"நீ படுடி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா பாயிலிருந்தே சொல்வார்.

"பேசாம தூங்குங்கம்மா."

சில நாள் அப்படியே மறுபடி தூங்கிவிடுகிறார். நான் எழுப்பும்வரை எழுவதில்லை.