சுவரைப் பார்த்த கேமரா

கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையை விட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக, சுகிர்தாவுக்குப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வு மட்டுமே பாக்கி. படுக்கையில் கிடக்கும் மாமியார் ஆரோக்கியமேரிக்கு உடம்பு துடைத்துவிடுவதை வீடியோ அழைப்பில் காட்ட வேண்டும். ஆசிரியையோடு இருபது மாணவிகளும் திரையில் இருந்தார்கள். மாமியாரின் சேலையை விலக்குமுன் சுகிர்தா போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"பார்க்காம எப்படிம்மா மார்க் போடறது?" என்றார் ஆசிரியை.

"இத்தினி பேரு பாக்க வேணாம் மேடம். சொல்லிக்கினே செய்றேன், கேளுங்க."

முகம், கை, கால் என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். தண்ணீரை மாற்றி முதுகையும் துடைத்து, "ஆச்சு மேடம்" என்றாள்.

"இன்னாடி ஆச்சு? முதுவுல சோப்பு அப்டியே கீது!" என்று மாமியார் கத்தினாள்.

போனில் சிரிப்பு எழுந்தது. சுகிர்தா துணியை அலசி மறுபடி துடைத்தாள்.

"இப்போ?"

"இப்போ சரி."

"அப்ப நானும் சரின்னு போட்டுக்கறேன்" என்றார் ஆசிரியை.