அரிப்பு மாத்திரையும் அண்ணனின் விரல்களும்

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என்னைப் படிக்க வைக்க, அண்ணன் பென்னலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். கையால் தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கையை எடுக்கும் முன் மிதித்துவிட்டால் விரல்கள் போச்சு.

ஒரு நாள் காலையில் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, அரிப்பு தாங்கவில்லை. கடையில் மாத்திரை வாங்கி வந்தார்.

"இதுல இன்னா எயுதிக்கீது, படிச்சுப் பாரு. ஒண்ணு போடணுமா, ரெண்டா?"

பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளில் பாதி எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம்.

"ரெண்டா போட்டுக்கோண்ணா, சீக்கிரம் அடங்கிடும்" என்றேன்.

அவர் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பள்ளியில் அகராதியை வைத்துக்கொண்டு தாளை வரி வரியாகப் படித்தேன். ஒன்றுதான் போட வேண்டும், போட்டால் தூக்கக் கலக்கம் வரும், இயந்திரம் எதையும் இயக்கக் கூடாது என்று இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பட்டறை வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "டூட்டில கீறான். சாப்பாட்டு மணி அடிக்கட்டும், நில்லு தொரை."

அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அண்ணனின் தலை சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது. கை அச்சுக்கு அடியில். கத்த வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். திடுக்கிட்டுப் பெடலை மிதித்துவிட்டால்? தாளைக் காட்டி, வாட்ச்மேனின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தமில்லாமல் பின்பக்கம் போய், அண்ணனை இரண்டு தோளிலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கால் பெடலில் உரசியது. டொம்மென்று அச்சு இறங்கியது. கை வெளியே வந்திருந்தது.

அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னாடா, ஸ்கூலுக்குப் போகல?"

"எனக்குப் புரியலண்ணா. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." அழுதுவிட்டேன்.

"நல்லா படிச்சே போ!" என்றார் வாட்ச்மேன். அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். "அத்த காலையிலேயே சொல்றதுக்கு இன்னா?" என்றார், அவ்வளவுதான்.

'தெரியாது' என்று சொல்ல வெட்கப்பட்ட அந்த ஒரு நிமிடத்துக்கு அண்ணன் தன் விரல்களைக் கொடுத்திருப்பார் என்று நினைத்தால், இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது.