சோட்டா வந்துட்டான்

டயருக்குக் காற்றடிக்கப் போனால்கூட இந்த ஊரில் என்னிடம் ஸ்பானிஷில்தான் பேசுகிறார்கள். போன வாரம் டயர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஸ்பானிஷில் ஏதோ குசலம் விசாரித்தார். “நோ ஸ்பானிஷ்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள். இங்கேயே பிறந்து, பெற்றவர்கள் மொழியை மறந்துவிட்ட மெக்சிகோக்காரன் என்று முடிவுகட்டிவிட்டு, “உன் அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சென்னையில், காலடிப்பேட்டையில் இருக்கும் என் அம்மா வருத்தப்பட என்னிடம் வேறு காரணங்கள் ஏராளம் உண்டு. அதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? காற்றை அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் துறைமுகக் கால்வாயை ஒட்டிய பகுதியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எண்ணூரில் பம்ப் பராமரிப்பு வேலை பார்த்தவன், இங்கேயும் அதே வேலைதான். கண்ணை மூடிக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே ரசாயன வாடை, அதே கன்டெய்னர் லாரி இரைச்சல். கண்ணைத் திறந்தால்தான் கடைப் பலகை, சர்ச் வாசல், ஆஸ்பத்திரி படிவம் என்று எங்கு பார்த்தாலும் ஸ்பானிஷ். படிவத்தில் ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருமுறை நான் பேனாவை எடுப்பதற்குள் நர்ஸே எனக்காக அதில் டிக் அடித்துவிட்டார். அந்த ஒரு கட்டத்துக்குள் எத்தனை விதமான சனங்கள் என்று இங்கே வாழ்ந்தால்தான் தெரியும். எங்கள் ஃபோர்மேன் தன் குடும்பக் கல்லறை இந்த மாநிலத்தைவிடப் பழையது என்று பீற்றிக்கொள்வார். நேற்று வந்த எல் சால்வடோர்காரரைக் கண்டால் அவருக்கு ஆகாது. இவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. நம்மைக்கூட வெளியில் இருப்பவர்கள் ‘வடசென்னை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது சரியா என்று ராயபுரத்துக்காரரிடமும் வியாசர்பாடிக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

என்னோடு வேலை பார்ப்பவன் தஸ்தகீர். ராயபுரம். பாலிடெக்னிக்கில் என் பக்கத்து இருக்கை. ஆள் ஐந்தடி என்பதால் அன்றைக்கே ‘சோட்டா’ என்று பெயர் வைத்துவிட்டோம், இன்றுவரை அவனை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வாய் வராது. உயரக் குறைச்சலுக்கு ஈடுகட்டுவதுபோல, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய கறுப்பு வண்டி ஒன்று வைத்திருக்கிறான். தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வான். எங்கள் வீடு மாடியில். நான் வெளி வராந்தாவில் காபியோடு நிற்பேன். வண்டி தெருமுனை திரும்பியதும், “சோட்டா வந்துட்டான்! டப்பாவ எடு!” என்று உள்ளே இருக்கும் என் மனைவி உமாவுக்குக் குரல் கொடுப்பேன். வடசென்னைக் குரல். மெதுவாகப் பேச நமக்கு எங்கே தெரியும்?

போன வசந்தத்தில் கீழ்வீட்டுக்கு செஸார், யோலாண்டா என்று ஒரு தம்பதி குடிவந்தார்கள். மெக்சிகோவில் வெராக்ரூஸ் என்ற துறைமுக ஊர். அவர் கூரை வேயும் வேலைக்குப் போவார். அந்த அம்மா ஒரு சமையல்கூடத்தில் வேலை பார்த்தார். வந்த நாளிலிருந்தே எனக்கு அவர்கள்மேல் சந்தேகம். விடியற்காலையில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு நான் வராந்தாவுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணையும். திரைச்சீலை இழுபடும். ஒருநாள் செஸார் காலணியைக் கையில் பிடித்தபடி பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். சொந்த வீட்டு ஜன்னலில் எவனாவது குதிப்பானா? வண்டியில் ஏறியதும் தஸ்தகீரிடம் சொன்னேன்.

“மாமு, இது சரியான கேஸா தெரியல. வூட்டாண்ட ஒரு கேமராவ மாட்டு. அப்பால பொலம்பாத” என்றான்.

மாட்டினேன். மாடிப்படியையும் அவர்கள் வாசலையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. உமாவுக்குப் பிடிக்கவில்லை. “அவுங்க உங்கள இன்னா பண்ணாங்க? பார்த்தா சிரிக்கிறாங்க, அவ்ளோதானே?” என்றாள். சிரிப்பவர்களைத்தான் நம்பக் கூடாது என்றேன்.

அன்றைக்கு எண்ணூர் ஞாபகம் வந்தது. அதுவரை நானாகத்தான் அதை வரவிடாமல் வைத்திருந்தேன். எங்கள் பிளான்ட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் பீகார், ஒடிசா ஆட்கள் தங்கியிருந்தார்கள். ஒருநாள் ஒரு சின்ன மோட்டார் காணாமல் போனது. யார் எடுத்திருப்பார்கள் என்று யாரும் யோசிக்கவே இல்லை. நான்கு பேர் நேராக ஷெட்டுக்குப் போனோம். அவர்களை வரிசையாக நிற்கவைத்து, பெட்டியைக் கொட்டச் சொல்லி, ஆதாரைக் காட்டச் சொல்லி மிரட்டினோம். மூன்றாம் நாள் மோட்டார் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்தது. அதற்குப் புதுக் காயில் சுற்றக் கொண்டுபோனவன் சொல்ல மறந்திருக்கிறான். ஷெட்டுக்குத் திரும்பப் போய் அதை நாங்கள் சொல்லவில்லை. அந்த வழியாகப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். இது தெரிந்தும்தான் கேமராவை மாட்டினேன்.

கேமரா மாட்டிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, யோலாண்டா மேலே வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் தட்டுத்தடுமாறிப் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்.

“தினமும் காலையில் ஏன் சோட்டாவைக் கூப்பிடுகிறீர்கள்?”

“அவன் என் சிநேகிதன்.”

“சோட்டா உங்கள் சிநேகிதனா?”

“ஆமாம், இருபது வருடப் பழக்கம். தினமும் வந்து என்னைக் கொண்டுபோவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவான்.”

“உங்களையா? நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்?”

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. உமாதான் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தை வாங்கினாள். அவர்கள் பேச்சில் ‘சோட்டா’ என்றால் போலீஸ். கொச்சையாகச் சொல்கிற பெயர். இருவருக்குமே இந்த நாட்டில் இருப்பதற்கான தாள்கள் இல்லை. தினமும் விடியற்காலையில் மாடியிலிருந்து ஒருவன் ‘சோட்டா’ என்று கத்துகிறான், உடனே கறுப்புக் கண்ணாடி வண்டி வந்து நிற்கிறது. போதாததற்கு இப்போது வாசலைப் பார்த்துக் கேமரா வேறு. காட்டிக்கொடுக்கிறானா, எச்சரிக்கிறானா என்று தெரியாமல் மூன்று மாதமாகத் தூக்கமில்லை. வீட்டைக் காலி செய்யப் பெட்டி கட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் போலீஸுக்குப் பெயர் ‘மாமா’. ஜீப் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் யாராவது ஒருவன் “மாமா வர்றாண்டா!” என்று குரல் கொடுப்பான். மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போவார்கள். நானும் ஓடியிருக்கிறேன், ஒரு தப்பும் செய்யாமலே. அந்த ஓட்டத்தை இந்த மனிதரிடம் பார்த்துவிட்டுத் திருடன் என்று நினைத்தேன்.

தஸ்தகீரை வரவழைத்தோம். கதவைத் திறந்துகொண்டு ஐந்தடி சோட்டா உள்ளே வந்ததும் யோலாண்டா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அது அழுகையில் போய் முடிந்தது. பெட்டியை அவிழ்த்தார்கள். மறுநாளிலிருந்து காலையில் வண்டி வந்து நின்றால் செஸார் காபியோடு வெளியே வருவார், ஒரு கோப்பை அவருக்கு, ஒன்று தஸ்தகீருக்கு. “சோட்டா!” என்று அவரே சத்தமாகக் கூப்பிட்டுச் சிரிப்பார். பயந்த சொல்லைப் பழிவாங்குகிற மாதிரி. கேமராவைக் கழற்றிவிட்டேன். நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன்.

அக்காள் மகள் கல்யாணத்துக்காக தஸ்தகீர் ஒரு மாத விடுப்பில் ராயபுரம் கிளம்பினான். குடும்பத்தோடு போனதால் வீடு பூட்டிக் கிடந்தது.

“ஊருக்குப் போறத யாராண்டயும் சொல்லாத மாமு. வூடு காலியா கீதுன்னு தெரிஞ்சா பேஜாராயிடும்.”

“கீழ் வூட்டாண்டகூடவா?”

“அவர் நல்லவருதான். அவருக்குத் தெரிஞ்சவன்லாம் நல்லவனா? இன்னாத்துக்கு வம்பு?”

இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் போவதை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் எல்லார் வீட்டு வழக்கம். அடுத்த நாள் காலை செஸார் இரண்டு கோப்பையோடு வந்து, காலித் தெருவைப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து “சோட்டா?” என்றார். உடம்பு சரியில்லை என்று கையால் சாடை காட்டினேன். எனக்குத் தெரிந்த நாலைந்து ஸ்பானிஷ் சொற்களில் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். “மஞானா.” நாளைக்கு.

மறுநாள் ஐந்தரைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட கறுப்பு வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பியது. செஸார் காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கதவு திறந்தது, இரண்டு கோப்பையோடு வண்டியை நோக்கி நடந்தார். தஸ்தகீர் அந்நேரம் ராயபுரத்தில் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஓடு என்று கத்தியிருக்கலாம். வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். என் வாயில் வந்தது, “சோட்டா! சோட்டா!”

அவர் மேலே பார்த்துச் சிரித்தார். தெரியும் என்பதுபோல ஒரு கோப்பையை உயர்த்திக் காட்டினார். அதற்குள் வண்டியின் நான்கு கதவும் திறந்துவிட்டன.

நான் கீழே ஓடினேன். குடியேற்றத் துறை அதிகாரிகளில் ஒருவர் என்னையும் சுவரோரம் நிற்கச் சொல்லி ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு “இந்தியா, இந்தியா” என்றேன். பர்ஸிலிருந்து கிரீன் கார்டை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு, “நீங்கள் போகலாம் சார்” என்றார். நான் செஸாரைப் போன்றவர்களில் ஒருவன் இல்லை என்பதில் அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை மறைக்கப் போவதில்லை. செஸார் கையில் விலங்கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி தரையில் கொட்டிக் கிடந்தது.

பத்து நாள் கழித்து யோலாண்டா மேலே வந்தார். “நீங்கள்தான் சொன்னீர்களா?” என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியாது. நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. செஸாரை அடைத்துவைத்திருக்கும் இடத்துக்குப் போனால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். தாள் இல்லாத மனைவி போக முடியாது, தாள் உள்ள நான் போகலாம். கணவரிடம் சொல்ல வேண்டியதை அவர் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் செஸார், இந்தப் பக்கம் நான். ஆளுக்கொரு ரிசீவர். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் தாளில் இருந்ததைப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். யோலாண்டா என்ன சொல்லியிருந்தாரோ, இவர் ஓரிடத்தில் தலையை ஆட்டினார், ஓரிடத்தில் உதட்டைக் கடித்தார். முடித்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“சோட்டா?”

அவனுக்கு உடம்பு தேறிவிட்டதா என்று கேட்கிறார். வாயைத் திறந்தால் இன்னொரு பொய்தான் முதலில் வந்தது. விழுங்கிவிட்டு, “இந்தியா” என்றேன். கையை விமானம்போல் உயர்த்திக் காட்டினேன். எப்போது என்று சைகையில் கேட்டார். அவர் பிடிபட்ட நாளுக்கு முன்னால் என்பதை விரல்களால் எண்ணிக் காட்டினேன். அவரும் தன் விரலில் எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் தேவலை. “மஞானா” என்று மட்டும் சொன்னார், நான் அன்றைக்குச் சொன்ன அதே இழுவையில். ரிசீவரைக் கீழே வைத்தார்.

நேரம் முடிந்தது என்று எனக்குப் பின்னால் இருந்த காவலர் ஸ்பானிஷில் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நாங்கள் ஒன்றாக எழுந்தோம். எந்தக் கதவு என்னுடையது என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.